ஏற்காட்டில் ஒரு பாய்மரப் படகு: நகாசு வேலையில் இறங்கும் முன்

சேலம் பக்கம் யாராவது வீட்டிலேயே மரப்படகு கட்ட ஆசைப்பட்டால், பலகை வாங்கக் கிளம்பும் முன் இதைப் படித்துவிட்டுப் போங்கள். நான் கட்டியபோது எனக்கு இதையெல்லாம் சொல்ல ஆள் இல்லை. நாகப்பட்டினத்திலோ தூத்துக்குடியிலோ இருந்திருந்தால் தெருவுக்கு நாலு பேர் சொல்லியிருப்பார்கள். ஏற்காட்டில் படகு என்றால் ஏரியில் மிதிக்கிற படகுதான். கேட்க ஒருவரும் இல்லாமல், எல்லாவற்றையும் விறகாக்கிவிடலாமா என்று ஷெட்டுக்குள் உட்கார்ந்து அழுத நாட்கள் உண்டு. மொத்தச் செலவு ரூ.1,70,000ஐத் தாண்டியது. அதில் ஏறக்குறைய ரூ.65,000 சுத்த நஷ்டம். ஒரு மழைக்காலம் முழுக்க வேலை நின்றது. இதில் பெரும்பகுதி உங்களுக்கு நேராமல் பார்த்துக்கொள்ள முடியும், அதனால்தான் எழுதுகிறேன்.

நான் சேலத்தில் ஒரு பள்ளியில் கணக்கு ஆசிரியை. வீடு ஏற்காட்டில், நாகலூர் போகிற வழியில். காப்பிக்கொட்டை மூட்டை அடுக்கும் ஷெட் ஒன்று எங்களுக்கு உண்டு. சீசன் முடிந்தால் காலியாகக் கிடக்கும். ஒரு கோடை விடுமுறையில் புதுச்சேரியில் பாய் ஓட்டக் கற்றுக்கொண்டேன். காற்றை மட்டும் நம்பிப் போகிற அந்தச் சத்தமில்லாத ஓட்டம் மனதைவிட்டுப் போகவே இல்லை. சரி, நாமே ஒன்று கட்டினால் என்ன என்று தோன்றியது. அதுவும் வெறும் படகு இல்லை. விளிம்புக்குத் தேக்கு, சுக்கான் பிடிக்கு எங்கள் தோட்டத்துச் சில்வர் ஓக் போல வெளிறிய மரம், சேலத்து வெள்ளி வேலை கொஞ்சம் என்று, பார்த்ததும் இந்த ஊர்ப் படகு என்று தெரிய வேண்டும். அந்த ஆசையில் இன்றைக்கும் எனக்குக் குறைவில்லை.

தேர்ந்தெடுத்தது தைத்து ஒட்டும் முறை. பிளைவுட்டை அளவுக்கு வெட்டி, ஓரத்தில் துளை போட்டு, செம்புக் கம்பியால் தைத்து நிறுத்தி, தையல் மேல் எபாக்சியும் (இரண்டு திரவத்தைக் கலந்தால் இறுகும் பிசின்) கண்ணாடி இழைத் துணியும் ஒட்டிவிட்டால் உடல் தயார். உள்ளே அடர்த்தியாக விலா எலும்பு அடிக்கத் தேவையில்லை. இங்கிலாந்தில் ஜாக் ஹோல்ட், பேரி பக்னெல் இருவரும் வடிவமைத்து 1963ல் வெளிவந்த ‘மிரர்’ படகு இந்த முறையைத்தான் வீட்டு ஷெட்டுகளுக்குக் கொண்டுபோனது. 70,000க்கும் மேல் கட்டப்பட்டிருக்கிறது. தைக்கிற யோசனை நமக்குப் புதிதில்லை. சென்னையில் துறைமுகம் வருவதற்கு முன் கப்பலிலிருந்து ஆளையும் சரக்கையும் அலை தாண்டிக் கரைசேர்த்த மசூலாப் படகுகள் தென்னங்கயிற்றால் தைத்த பலகைகள்தான். மிரரிடமிருந்து நான் எடுத்துக்கொண்ட இன்னொரு விஷயம் அதன் பாய் அமைப்பு. குட்டையான பாய்மரம், அதன் மேல் ஏற்றிக் கட்டும் ஒரு கழி. இறக்கிப் பிரித்தால் எல்லாமே படகின் நீளத்துக்குள் அடங்கும். இருபது கொண்டை ஊசி வளைவு இறங்க வேண்டியவர்களுக்கு இதைவிட நல்ல அமைப்பு இல்லை. பதினோரு அடியில் அப்படி ஒரு பிளானைக் காசு கொடுத்து வாங்கினேன். தைக்கும் கம்பிக்கு எங்கேயும் அலைய வேண்டாம், மோட்டார் காயில் கட்டும் கடையில் எடைக்குக் கொடுப்பார்கள்.

முதல் அடி பலகையில் விழுந்தது. சேலத்தில் ஒரு பெரிய கடையில் 6 மி.மீ. மெரைன் பிளைவுட், அதாவது தண்ணீர் தாங்கும் ஒட்டுப்பலகை, கேட்டேன். “வீட்டுக்காரர் வரலீங்களா?” என்று கேட்டுக்கொண்டேதான் எடுத்துப் போட்டார்கள். ஷீட் மூலையில் ‘மெரைன்’ என்றும் ‘710’ என்றும் சிவப்பு முத்திரை. ஐந்து ஷீட், ரூ.14,500. வெட்டி, தைத்து, உள்தையலுக்கு எபாக்சி போட்டு, அடிப்பாகத்துக்குத் துணியும் ஒட்டியாகிவிட்டது. வாசலில் கிடந்த வெட்டுத் துண்டு ஒன்று மழையில் நனைந்திருந்தது. எடுத்துப் பார்த்தால் மேல் அடுக்கு நகம் பட்டதும் உரிந்து வருகிறது. ஓரத்தில் ஒரு இடைவெளி, குண்டூசியை வைத்தேன், தலைவரை உள்ளே போய்விட்டது. நடு அடுக்கில் மரமே இல்லாத இடத்தில் தூளைப் பசையில் குழைத்து அடைத்திருந்தார்கள். அன்று ராத்திரியே வெந்நீர் அடுப்பில் பழைய குண்டானை ஏற்றி நாலைந்து துண்டுகளை வேகவைத்தேன். விறகு ஒருமுறை தள்ளி முடிப்பதற்குள் தண்ணீர் பழுப்பாகிவிட்டது, அடுக்குகள் தனித்தனியாக மேலே வந்து மிதந்தன. ஷெட்டில் பாதிப் படகு நிற்கிறது. அதைப் போய்ப் பார்க்கக்கூட அன்றைக்கு எனக்குத் தெம்பு இல்லை.

கடைக்குப் போய் நியாயம் கேட்டேன். “பில்லுல பிளைவுட்னுதானே இருக்குது, மெரைன்னு எங்க இருக்குதுங்க?” என்றார்கள். ஆமாம், பில்லில் அந்த ஒரு வார்த்தைதான். பலகை, அதன் மேல் போன எபாக்சி, துணி, வண்டி வாடகை எல்லாம் சேர்த்து ரூ.35,000 அங்கேயே போயிற்று. அதனால் பில்லில் ‘ஐ.எஸ். 710’ என்று தரமும், தடிமனும், தயாரிப்பாளர் பெயரும் எழுதி வாங்காமல் கடையைவிட்டு இறங்காதீர்கள். ஐ.எஸ்.ஐ. முத்திரைக்குக் கீழே சி.எம்./எல். என்று தொடங்கும் உரிம எண் இருக்கும். பி.ஐ.எஸ். கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால் அது யாருடையது, எந்தப் பொருளுக்கானது, நடப்பில் இருக்கிறதா என்று கடை வாசலிலேயே தெரிந்துவிடும். ஐ.எஸ். 710 தரம் என்றால் பலகைத் துண்டு கொதிக்கும் தண்ணீரில் 72 மணி நேரம் பிரியாமல் தாங்க வேண்டும். வீட்டு மர வேலைக்கு வரும் ஐ.எஸ். 303ல் பி.டபிள்யூ.ஆர். என்கிற ரகத்துக்கு 8 மணி நேரம்தான். இரண்டையும் ஒரே மூச்சில் ‘வாட்டர் ப்ரூஃப்’ என்று சொல்லி விற்கிறார்கள். வீட்டில் 72 மணி நேரம் யாராலும் கொதிக்கவைக்க முடியாது, தேவையும் இல்லை. ஒரு பகல் முழுக்கக் கொதிக்கட்டும், மறுநாள் வெயிலில் காயட்டும், திரும்ப ஒருமுறை கொதிக்கட்டும். மோசமான பலகை முதல் தடவையிலேயே தன்னைக் காட்டிக்கொடுத்துவிடும். மொத்தமாக வாங்கும் முன் ஒரு ஷீட் மட்டும் வாங்கி இதைச் செய்யுங்கள். கூடவே ஓரத்தில் அடுக்குகளை எண்ணிப் பாருங்கள். 6 மி.மீ.க்கு ஐந்து அடுக்கு இருந்தால் நல்லது, தடிமன் எல்லாம் ஒரே சீராக இருந்தால் இன்னும் நல்லது. ஒரு ரூபாய் நாணயத்தால் ஷீட் முழுக்கத் தட்டிக்கொண்டே போனால் உள்ளே வெற்றிடம் இருக்கும் இடத்தில் சத்தம் மாறும். இரண்டாவது முறை நான் வெளியூரிலிருந்து வரவழைத்தேன், விலை கூடுதல்தான். அந்தப் பலகையில் செய்த உடல் இன்றுவரை ஒரு இடத்திலும் உரியவில்லை.

அடுத்தது எபாக்சி. இதில் ஏற்காட்டுக்கென்றே ஒரு சிக்கல் இருக்கிறது. மரத்தின் உள்ளே காற்று இருக்கும். சூடு ஏறும்போது அது வெளியே வரும், இறங்கும்போது உள்ளே இழுக்கும். காலையில் பூசினால் பூச்சு முழுக்கக் கொப்புளம். அதனால் வெயில் தாழும் நேரத்தில் பூசச் சொல்வார்கள். ஆனால் எங்கள் ஊரில் வெயில் தாழ்ந்ததும் வருவது மூடுபனி. ஈரக் காற்றில் இறுகும் எபாக்சியின் மேல் மெழுகு மாதிரி வழவழப்பாக ஒரு படலம் படியும். எபாக்சியை இறுகவைக்கக் கலக்கும் ஹார்ட்னரில் இருக்கும் அமீன் என்ற ரசாயனம், காற்றின் ஈரத்தோடும் கரியமில வாயுவோடும் சேர்ந்து உண்டாவது அது. அதன் மேல் அடுத்த கோட் ஒட்டாது. ஆடி மாதம் நான் ஒட்டிய துணி ஒரு பக்கம் முழுக்க இரண்டாம் கோட்டோடு தோலாக உரிந்து வந்தது. ரூ.9,000 போனது. அதைவிட, அந்த வருஷம் கார்த்திகை முடியும்வரை எதையும் ஒட்டத் துணியாமல் படகைத் தார்ப்பாய் போட்டு மூடிவைத்தேன்.

அப்புறம் பழகிய முறை இது. ஒட்டும் வேலை எல்லாம் தை முதல் சித்திரை வரைதான். மத்தியானம் இரண்டு மணிக்குத் தொடங்கி நாலுக்குள் பூச்சை முடித்துவிட வேண்டும். ஷெட் ஜன்னலை மூடி, பழைய குண்டு பல்புகளை முன்கூட்டியே எரியவிட்டுச் சூட்டைக் கொஞ்சம் தக்கவைத்தால், பனி இறங்குவதற்குள் எபாக்சி பாதி இறுகிவிடும். ரூ.500க்கும் கீழே கிடைக்கும் ஈரப்பதமானி ஒன்று சுவரில் தொங்கட்டும். அது 80ஐத் தாண்டினால் அன்று ஒட்டும் வேலை வேண்டாம், தேய்க்கிற வேலை பார்க்கலாம். படலம் படிந்துவிட்டால் உப்புத்தாள் போடாதீர்கள், தேய்த்தால் அது இன்னும் உள்ளே ஏறும். முதலில் வெறும் தண்ணீரும் பாத்திரம் தேய்க்கும் பச்சை நாரும், துடைத்துக் காய்ந்த பிறகுதான் உப்புத்தாள். மலை மேல் இவ்வளவு தொல்லை என்றால் கீழே போய் ஒட்டலாமே என்று நினைக்கலாம். பங்குனி வெயிலில் கன்னங்குறிச்சியில் உறவினர் வீட்டுத் திண்ணையில் ஒட்டிப் பார்த்தேன். கப்பில் கலந்து வைத்தது தூரிகை தொடுவதற்குள் புகைந்தது. 10 டிகிரி ஏறினால் எபாக்சி இறுகும் நேரம் ஏறக்குறைய பாதியாகிவிடும். வெயில் காலத்தில் கலந்த உடனே கப்பிலிருந்து தட்டையான டிரேயில் ஊற்றிவிட வேண்டும், பரவிக் கிடந்தால் சூடு சேராது. கலவை அளவுக்குக் கண் திட்டம் உதவாது. கொலுசுப் பட்டறைக்காரர்கள் வைத்திருக்கும் சின்ன எலக்ட்ரானிக் தராசு செவ்வாய்ப்பேட்டையில் கிடைக்கும். டப்பாவில் போட்டிருக்கும் எடை விகிதத்தை அதில் கிராம் பிசகாமல் கலக்கலாம். தையல் மூலையை நிரப்பும் கலவைக்கு நைஸான மரத்தூளும் சிலிக்கா பொடியும் சேர்த்து மாவிளக்கு மாவின் பதத்துக்குக் கொண்டுவர வேண்டும், சரிந்து வழிந்தால் இன்னும் தூள் வேண்டும்.

துணி வாங்கும்போது ஒன்று. சேலத்தில் ஃபைபர் தொட்டி செய்கிறவர்களிடம் கிடைப்பது பாய் மாதிரி ஒட்டிய வெட்டு இழை. அது பாலியெஸ்டர் ரெசினுக்கானது. அதில் இழைகளைப் பிடித்திருக்கும் பசை அந்த ரெசினில் கரையும், எபாக்சியில் கரையாது. உங்களுக்கு வேண்டியது நெய்த துணி, சதுர மீட்டருக்கு 200 கிராம் ரகம் போதும். பாலியெஸ்டரிலேயே செய்துவிடலாம், விலை குறைவு என்று அங்கே சொல்வார்கள். மரத்தின் மேல் பாலியெஸ்டரின் பிடிப்பு நிற்காது, விட்டுவிடுங்கள். கைக்கு நைட்ரைல் உறை இல்லாமல் எபாக்சி டப்பாவைத் திறக்கவே வேண்டாம். எனக்கு மணிக்கட்டில் தொடங்கிய அரிப்பு கழுத்து வரை ஏறி, சாக்பீஸ் பிடிக்க முடியாமல் லீவு போட்டேன். ஒருமுறை உடம்பு எதிர்க்கத் தொடங்கினால் பிறகு கொஞ்சம் பட்டாலும் வந்துவிடுகிறது. தோலில் பட்டால் தின்னர் வேண்டாம், சோப்பு போட்டுக் கழுவுங்கள்.

இனி நான் எழுத வந்த விஷயம். உடல் வேலைக்குப் பிளான் இருக்கிறது, அதன்படி போனால் படகு வந்துவிடும். நகாசு வேலைக்குப் பிளான் கிடையாது. அதை அவரவர் ஆசைப்படி கடைசியில் ஏற்றுகிறோம். ஆனால் அழகுக்கென்று வைக்கிற ஒவ்வொரு கட்டைக்கும் திருகு வேண்டும், ஒவ்வொரு திருகும் பலகைக்குள் தண்ணீர் போக ஒரு வழி. பிளைவுட்டின் மேல்புறம் எவ்வளவு எபாக்சி குடித்திருந்தாலும், துளை போட்ட இடத்தில் உள் அடுக்கு எபாக்சி படாத வெறும் மரம்தான். நல்ல பலகை, நல்ல எபாக்சி போட்ட படகும் அழுகுவது இந்த இடங்களில்தான்.

விளிம்புக் கட்டைக்கு நான் பழைய வீட்டுத் தேக்கு வாங்கினேன். இடித்த வீட்டு மரம் விற்கும் இடங்களில் உத்தரக் கட்டையாகக் கிடைக்கும். உள்ளே புதைந்த ஆணியைக் காந்தம் வைத்துத் தேடிப் பிடுங்கிய பிறகுதான் ரம்பத்துக்குக் கொடுக்க வேண்டும், இல்லையென்றால் மில்காரர் சண்டைக்கு வருவார். கீழே காய்ந்த மரம் ஏற்காட்டுக்கு வந்தால் ஈரத்தைக் குடித்துக் கொஞ்சம் பருக்கும். இடையில் குச்சி வைத்து அடுக்கி, சில வாரம் ஷெட்டில் விட்டுவிட்டு அப்புறம் இழையுங்கள். கட்டையை வளைத்துப் பொருத்த ஒரு ஆசாரியை வைத்தேன். கதவு, ஊஞ்சல் வேலையில் அருமையான கை. நான் பள்ளியில் இருந்த நேரத்தில் கட்டையைப் பலகையோடு சேர்த்துத் திருகு முடுக்கி, தலை தெரியாமல் தேக்குக் குச்சி வைத்து அடைத்துவிட்டார். பார்க்க அவ்வளவு நேர்த்தி. “வாசக்கால் மாதிரி உக்காந்திருக்குது பாருங்க டீச்சர்” என்றார். துளைகளுக்குள் எபாக்சி போடச் சொல்லி எழுதிவைத்த சீட்டு ஷெட் கதவிலேயே ஒட்டியிருந்தது.

தெரிந்தவர் தோட்டத்துக் குட்டையில் மிதக்கவிட்டபோது படகு ஒரு பக்கம் சாய்ந்தே நின்றது. படகு மூழ்காமல் மிதக்க உள்ளே அடைத்து வைக்கும் காற்றறையின் மூடியைத் திறந்தால் தண்ணீர். எங்கிருந்து என்று கண்டுபிடிக்க ஒரு சுலபமான வழி உண்டு. சைக்கிள் பம்பால் காற்றறைக்குள் மெதுவாகக் காற்று கொடுத்துக்கொண்டே வெளியே சோப்புத் தண்ணீர் பூசுங்கள். நிறைய அடிக்காதீர்கள், மூட்டு விட்டுவிடும். எங்கள் படகில் விளிம்புக் கட்டைக்கு அடியில், ஒவ்வொரு திருகுக்கும் நேராக, வரிசையாகக் குமிழி வந்தது. கட்டையைப் பிடுங்கினால் துளையைச் சுற்றிப் பலகை காசளவு கறுத்திருக்கிறது. கட்டை, கூலி, திரும்பச் செய்தது எல்லாம் ரூ.13,000. அன்று ஆசாரிமேல் வந்த கோபம் இன்றைக்கு இல்லை. வீட்டு மர வேலையில் மழை ஒரு பக்கம்தான் அடிக்கும், படகில் தண்ணீர் எல்லாப் பக்கமும் உட்கார்ந்திருக்கும். அந்த வித்தியாசத்தைச் சொல்லிக்கொடுக்கும் இடம் நம் ஊரில் இல்லை.

எனவே படகில் எந்தத் திருகு போட்டாலும், திருகைவிட இரண்டு மடங்கு பெரிய துளை போடுங்கள். அதை எபாக்சியால் நிரப்பி இறுகவிட்டு, அந்த எபாக்சியின் நடுவே சரியான அளவில் மறுபடி துளையுங்கள். அப்போது திருகு எபாக்சிக்குள் நிற்கும், மரம் தண்ணீரைப் பார்க்கவே பார்க்காது. அலங்காரக் கட்டைகளை எபாக்சியில் நிரந்தரமாக ஒட்டாமல், தண்ணீர் புகாமல் அடைக்கும், பிறகு கழற்றவும் விடும் சீலன்ட் பசை வைத்துத் திருகுங்கள். விளிம்புக் கட்டை இடிபடவே இருக்கிறது, என்றைக்காவது மாற்றித்தான் ஆக வேண்டும். ஒட்டியே ஆக வேண்டிய இடத்தில் தேக்கு என்றால், அதன் எண்ணெய்ப் பசையை அசிட்டோனில் துடைத்துவிட்டு, காய்ந்த கையோடு ஒட்ட வேண்டும். அரை மணி விட்டால் எண்ணெய் திரும்ப மேலே வந்துவிடும். திருகுக்கு 304 எவர்சில்வர் நல்ல தண்ணீருக்குப் போதும், கடலுக்குப் போவதென்றால் 316. மேல்தளத்தில் தேக்குப் பட்டை பதிக்க ஆசைப்படுகிறவர்கள் மூன்று மி.மீ.க்கு மேல் போகாதீர்கள். தடித்த பட்டை ஈரத்தில் பருத்து அடியில் இருக்கும் பலகையையே இழுக்கும். எல்லா விளிம்பையும் 6 மி.மீ. ஆரத்துக்கு உருட்டிவிடுங்கள். கூர்மையான விளிம்பில் எபாக்சியும் வார்னிஷும் மெலிந்துபோய் முதலில் விடுவது அங்கேதான்.

மனசார ரசித்துச் செய்ததையும் சொல்ல வேண்டும். சுக்கான் பிடி. எங்கள் தோட்டங்களில் மிளகுக் கொடி ஏறும் சில்வர் ஓக்கைக் கால்வெட்டாக, அதாவது நடுவிலிருந்து வெளிப்பக்கம் நோக்கி, அறுத்தால் உள்ளே வெள்ளிச் செதில் மினுமினுக்கும். மலையில் மரம் வெட்டவும் கீழே கொண்டுபோகவும் அனுமதி வேண்டியிருந்ததால் பில்லோடு சேலத்து டிப்போவில்தான் வாங்கினேன். ஈரத்தில் வெளியே விட்டால் உளுத்துப்போகிற மரம் அது, அதனால் உடலில் எங்கும் சேர்க்கவில்லை. அதையும் தேக்கையும் மெல்லிய பட்டைகளாக்கி மாற்றி மாற்றி அடுக்கி, வளைத்து ஒட்டினேன். இழைப்புளி ஓட ஓட வெளிறிய பட்டையும் பழுப்புப் பட்டையும் கோடுகோடாக எழுந்து வந்த அந்த மாலையை என்னால் மறக்க முடியாது. நுனியை மாங்காய் வடிவில் செதுக்கினேன். உள்ளங்கையில் சரியாக உட்காரும், கை நனைந்திருந்தாலும் நழுவாது. சிவதாபுரம் பக்கம் கொலுசு செய்யும் ஒரு பெரியவர் மாங்காயைச் சுற்றிப் பதிக்க மெல்லிய வெள்ளிக் கம்பி இழுத்துக் கொடுத்தார். “கால்ல போடறத கைல புடிக்கப் போறீங்க, இருக்கட்டும்மா” என்று கூலி வாங்கவில்லை. உளியால் கோடு கீறி, கம்பியைத் தட்டி உட்காரவைத்து, மேலே எபாக்சி பூசிவிட்டேன். காற்றுப் படாததால் கறுக்கவில்லை.

பாய்மரம் உள்ளே வெற்றிடமாக, எட்டுச் சட்டத்தில் செய்தது. கணக்கு டீச்சருக்கு இதைவிடச் சந்தோஷம் இல்லை. ஒவ்வொரு சட்டத்தின் ஒரு விளிம்பிலும் 90 பாகை வெட்டு, அதில் அடுத்த சட்டத்தின் சதுர மூலை உட்காரும். ஒவ்வொன்றும் 45 பாகை திரும்பி எட்டாவதில் வட்டம் மூடிக்கொள்ளும். சட்டத்தின் தடிமன் பாய்மர விட்டத்தில் ஐந்தில் ஒன்று, அகலம் அதன் இரண்டு மடங்கு. 60 மி.மீ. மரத்துக்கு 12க்கு 24. கணுவில்லாத நேர் இழைப் பைன் மரமாகப் பொறுக்குங்கள். நீளம் போதாமல் இரண்டு துண்டின் நுனியைச் சரிவாகச் சீவி இணைத்தால், சரிவின் நீளம் தடிமனைப் போல 12 மடங்கு இருக்கட்டும், பிளைவுட்டுக்கு 8 மடங்கு போதும். கிளாம்ப் எதுவும் வேண்டாம். பஞ்சர் கடையில் வீசும் சைக்கிள் டியூபைப் பட்டையாக வெட்டி இறுகச் சுற்றினால் எட்டும் ஒன்றாகக் கவ்வும்.

பாய் தைத்தது லாரித் தார்ப்பாய் தைக்கும் கடையில். பாலித்தீன் தார்ப்பாய்தான், ஓட்டிப் பழக அது போதும். பாய் தட்டையாக இருந்தால் ஓடாது, அதற்கு வயிறு வேண்டும். விளிம்புகளை வளைவாக வெட்டி, மூலைகளில் பிடிப்பு எடுத்துத் தைத்தால்தான் அந்த வயிறு வரும். தையல்காரருக்கு முதலில் மனசே வரவில்லை. “இழுத்துக் கட்டினா டம்முனு நிக்கணுங்க, அதுதானே தார்ப்பாய்க்கு அழகு” என்றார். பள்ளி வராந்தாவில் விரித்து, வளையும் சட்டம் ஒன்றை ஆணிகளுக்கு நடுவே வைத்து வளைவைச் சாக்பீஸால் வரைந்து காட்டினேன். புரிந்துகொண்ட பிறகு அவரே மூலைகளுக்கு இரண்டாம் மூன்றாம் துணி வைத்து, கண்ணி அடித்து, நான் கேட்காத பலமெல்லாம் சேர்த்துக் கொடுத்தார். இந்த மாதிரிக் கைகள் சேலத்தில் நிறைய. சங்ககிரி, நாமக்கல் பக்கம் லாரி பாடி கட்டுகிறவர்களிடம் எவர்சில்வர் பட்டை வளைக்கக் கொடுத்தேன். சுக்கான் கீலெல்லாம் வெளிநாட்டுச் சாமான் விலையில் கால்வாசிக்கு முடிந்தது.

பாலிஷ் விஷயத்தில் மட்டும் யார் பேச்சையும் கேட்காதீர்கள். பளபளப்புக்கு மெலமைன் அடிக்கலாம் என்று பாலிஷ்காரர் உறுதியாகச் சொன்னார், அடித்தும் கொடுத்தார். அது வீட்டுக்குள் இருக்கும் கட்டிலுக்கும் அலமாரிக்கும்தான். வெயிலில் ஒரு கோடையிலேயே நரம்பு நரம்பாக வெடித்து, அத்தனையும் சுரண்டி எடுக்க வேண்டி வந்தது. ரூ.8,000. எபாக்சியை மட்டும் விட்டாலும் வெயிலின் புற ஊதாக் கதிரில் மஞ்சளாகி மாவாக உதிரும். உடலுக்குப் பெயின்ட் அடித்துவிடுங்கள். மரம் தெரிய வேண்டிய இடத்தில் மட்டும் புற ஊதா தாங்கும் வார்னிஷ், ஆறு கோட்டுக்குக் குறையாமல், வருஷத்துக்கு ஒருமுறை மேலோட்டமாகத் தேய்த்து இன்னொரு கோட். ஆகவே எத்தனை அடி மரத்தை வார்னிஷில் விடுவது என்று முதலிலேயே அளந்து முடிவெடுங்கள். அதை வருஷா வருஷம் தேய்க்கப் போவது நீங்கள்தான். எங்கள் படகில் விளிம்பு, சுக்கான் பிடி, பாய்மரம், உட்காரும் பலகையின் ஓரம், இவ்வளவுதான் மரநிறம். மீதி எல்லாம் பெயின்ட்.

ஏற்காடு ஏரியில் சொந்தப் படகை இறக்க முடியாது. மேட்டூர் அணையின் தேங்குநீரில் இறக்க எழுத்தில் அனுமதி கேட்டு வாரக்கணக்கில் அலைந்தேன். படகு கட்டத் தொடங்கும்போதே மனு கொடுத்துவிடுவது நல்லது. பண்ணவாடிப் பக்கம் நீர்மட்டம் இறங்கும் காலத்தில் மூழ்கிக் கிடக்கும் பழைய கோயிலும் தேவாலயக் கோபுரமும் வெளியே தெரியும். அதே மாதிரி வெளியே தெரியாத சுவரும் மரமோடுகளும் தண்ணீருக்குள் நிறைய. பரிசல்காரர் ஒருவரைக் கூட வைத்துக்கொண்டு, படகின் நடுவிலிருந்து தண்ணீருக்குள் இறங்கும் நடுப்பலகையைப் பாதி தூக்கியபடியே ஓட்டுங்கள். உயிர்காப்புச் சட்டை இல்லாமல் கரையைவிட்டு நகராதீர்கள், நீச்சல் தெரிந்தாலும். எங்களோடு வந்த பரிசல்காரர் படகைச் சுற்றி வந்து, விளிம்பைத் தடவி, அடியில் குனிந்து பார்த்து, “ஒழுகாதுங்களா?” என்று ஒன்றுதான் கேட்டார். ஒழுகவில்லை. கரைக்கு வந்ததும் காற்றறை மூடியைத் திறந்து உள்ளே கைவிட்டுத் துழாவினேன். கை காய்ந்தே வந்தது.

உடல் வெட்டப் பயன்படுத்திய அச்சுச் சட்டங்கள், தராசு, ஈரப்பதமானி எல்லாம் எங்கள் ஷெட்டில் சும்மாதான் இருக்கின்றன. கட்டத் தொடங்குகிறவர்கள் கேட்டால் இரவல் தருகிறேன், பிளானை மட்டும் அவரவர் காசு கொடுத்து வாங்கிக்கொள்ள வேண்டும். தை மாதத்துக்கு முன் பலகையை வேகவைத்துப் பார்த்து முடித்துவிட்டால், பனி விலகியதும் தைக்கத் தொடங்கிவிடலாம்.